ஏழாம் எண் தகடு

என் அண்ணியிடம் இருந்த பயத்தை நோய் என்று சொல்ல முடியாது. ஊரிலிருந்து வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட உறவுக்காரரைப் போல அது அவரோடு ஒரே வீட்டில் இருந்தது. அதற்கு ஒரு தட்டு வைத்து, படுக்க ஒரு மூலையும் ஒதுக்கிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார். லிஃப்டில் ஏற மாட்டார். நாலு மாடியானாலும் படிதான். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டு நாலாவது தடவைக்காகத் திரும்பி வருவார். என் அண்ணன் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று நாள் முழுக்க எழுதுகிறவர், மனைவிக்காகத் தெருமுனையில் காத்து நிற்பார். பூட்டு தேய்ந்துபோவதற்குள் வந்துவிடச் சொல்லி அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

இந்த அண்ணிதான் வடதுருவப் பனிக்கடலுக்குப் போனார்.

போய்விட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அங்கே நடந்ததை அவர் ஒரே மூச்சில் யாரிடமும் சொன்னதில்லை. தொலைபேசியில், பாத்திரம் துலக்கிக்கொண்டே, விடைத்தாள் திருத்திக்கொண்டே, ஒரு துண்டு இன்றைக்கு, ஒரு துண்டு அடுத்த மாசம் என்று வெளிநாட்டில் இருக்கிற என்னிடம் சொன்னதை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

அண்ணி ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர். வகுப்பறை மாடியில், நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. மாடிப்படி மறுகோடியில். மேஜையில் உட்கார்ந்தபடியே திறந்த கதவு வழியாகத் தாழ்வாரம் முழுதும் தெரியும். மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டைத் திறப்பார். அப்போதும் யாராவது ஒரு பிள்ளை, முதுகில் பை குதிக்க, அந்தத் தாழ்வாரத்தில் ஓடி வந்துகொண்டிருக்கும். மணிக்குப் பின் வந்தால் தாமதக் குறி போட வேண்டும் என்பது பள்ளியின் விதி. மூன்று குறி சேர்ந்தால் வீட்டுப் பெரியவர்கள் வந்து தலைமையாசிரியை முன்னால் நிற்க வேண்டும். ஆனால் பிள்ளை பாதி தாழ்வாரம் வருவதற்குள் அண்ணியின் பேனா அதன் பெயருக்கு நேரே வந்ததாகக் குறித்து முடித்திருக்கும். வந்துகொண்டிருக்கிறவர் வந்தவர்தான் என்பது அவருடைய கணக்கு. இருபது வருஷமாக அப்படித்தான். பிள்ளைகள் அவர்மேல் உயிராக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த வகுப்பில் 'சந்தேகம்' என்று ஒரு பெண் இருந்தாள். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆசிரியர்கள் அறையில்கூட அவள் சந்தேகம்தான். ஒருநாள் அவள் எழுந்து, ஓடி வருகிறவர்கள் நடுவழியில் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வீர்கள் டீச்சர் என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது.

"இவ்வளவு தூரம் வந்துட்டு எங்கம்மா போகப்போறாங்க? உட்காரு," என்றார் அண்ணி.

பிற்பாடு அவரால் தாங்கிக்கொள்ள முடியாமல் போனது இந்தப் பதிலைத்தான்.

பனிக்கடல் பயணத்துக்கும் அவளேதான் காரணம். துருவ ஆராய்ச்சிக் குழு ஒன்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பள்ளி ஆசிரியரைத் தன் கப்பலில் அழைத்துப் போகும். அங்கே செய்கிற வேலையை ஆசிரியர் கண்ணால் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால், நாளைக்கு அவர்களில் நாலு பேருக்காவது அந்தப் பக்கம் போக ஆசை வரும் என்பது அவர்களுடைய எண்ணம். அறிவிப்புத் தாள் ஆசிரியர்கள் அறையில் ஒரு மாசமாகத் தொங்கியது. அந்த மாசத்தில்தான் அண்ணி வகுப்பில், விடை தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பயப்படாமல் கை தூக்குங்கள் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தேகம் கை தூக்கினாள்.

"டீச்சர், நீங்க எதுக்காவது கை தூக்கியிருக்கீங்களா?"

அவள் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அண்ணி யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே விண்ணப்பம் எழுதிவிட்டார். எப்படியும் கிடைக்காது என்கிற தைரியம்தான். நேர்முகத் தேர்வில் உங்களுக்கு எதற்கெல்லாம் பயம் என்று கேட்டார்களாம். பட்டியல் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனதாம். இவ்வளவு பயப்படுகிறவர் பனிமேல் ஓடியாட மாட்டார், பத்திரமாக இருப்பார் என்று நினைத்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்றார் அண்ணன். சொல்லும்போது சிரித்தார். ஆனால் அன்று இரவு என்னைக் கூப்பிட்டு, அங்கெல்லாம் பனி உடைந்து விழுமாமே, கரடி நீந்தி வருமாமே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நானும் அவரும் இரண்டு கண்டங்களில் உட்கார்ந்துகொண்டு ஒரே பயத்தைப் பங்குபோட்டுக்கொண்டோம்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பிள்ளைகள் ஒரு பழைய போர்வையை இரண்டாகக் கிழித்து, அதில் முப்பத்தெட்டு பேரும் சாயத்தில் கையை முக்கிப் பதித்துக் கொடுத்தார்கள். பனியில் அதை ஒரு கம்பில் கட்டி நடுவதாக அண்ணி வாக்குக் கொடுத்தார். புதன்கிழமைதோறும் மூன்றாவது பாடவேளையில் கப்பலிலிருந்து வகுப்போடு பேசுவதாக ஏற்பாடு. தலைமையாசிரியை ஒன்றே ஒன்றுதான் சொன்னார். பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கிற மாதிரி பேசுங்கள், மிரளுகிற மாதிரி எதுவும் வேண்டாம் என்றார்.

கப்பலில் ஆராய்ச்சி வேலைக்காகப் பனிமேல் இறங்குகிறவர்கள், காவலுக்கு வருகிறவர்களையும் சேர்த்து, மொத்தம் பத்தொன்பது பேர். அண்ணி பத்தொன்பதாவது. கப்பல் பெரிய பனித்திட்டு ஒன்றின் ஓரமாகப் போய், இரும்புக் கொக்கிகளைப் பனியில் அடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் ஓர் இரும்புப் படி இறக்குவார்கள். படியின் மேல்முனையில், கப்பல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. அதில் பத்தொன்பது ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் எண் போட்ட வட்டத் தகடு. ஒருபக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. பனிக்கு இறங்கும்போது அவரவர் தகட்டைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். ஏறி வந்ததும் வெள்ளைக்கு. பலகை முழுக்க வெள்ளையானால்தான் படியைத் தூக்குவார்கள், கப்பல் நகரும். முதல் நாள் குழுத்தலைவி, தலை நரைக்கத் தொடங்கிய உயரமான பெண்மணி, பலகையின்மேல் கையை வைத்து இதை மூன்று தடவை சொன்னார்.

"உங்க தகட்டை உங்க கை மட்டும்தான் தொடணும். அடுத்தவர் தகட்டை யாரும் தொடாதீங்க. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் சரி."

அண்ணி அந்தப் பலகையைப் படமெடுத்து, இங்கேயும் வருகைப் பதிவேடுதான் என்று எழுதி வகுப்புக்கு அனுப்பினார்.

அவருக்குக் கொடுத்த வேலை, பனியில் துளை போடுகிறவருக்கு உதவி. துளைக்காரர் என்றே அண்ணி அவரைச் சொல்வார். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். ஆள் உயரத் துரப்பணக் குழாயைப் பனிக்குள் இறக்கி, மெழுகுவர்த்தி மாதிரி உருண்ட பனித்துண்டுகளை வெளியே எடுப்பார். அண்ணி அவற்றுக்கு எண் எழுதிப் பெட்டியில் அடுக்குவார். நாலு திசையிலும் கரடிக்காவலர்கள் துப்பாக்கியோடும் தொலைநோக்கியோடும் நிற்பார்கள். முதல் வாரம் அண்ணியின் கண் பனியைப் பார்க்கவில்லை, அந்தக் காவலர்களின் முதுகைத்தான் பார்த்தது. காவலர் சும்மா சோம்பல் முறித்தால்கூட இவர் எழுதும் எண் கோணிப்போகும். துளைக்காரர் அதைக் கவனித்துவிட்டு, கரடி வந்தால் முதலில் என்னைத்தான் தின்னும், என்னிடம்தான் சதை இருக்கிறது, நீங்கள் எண்ணை எழுதுங்கள் என்றாராம். பயணத்தில் அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான். அதற்கப்புறம் அண்ணியின் கையெழுத்து கொஞ்சம் நேரானது.

அது இரண்டாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை. முற்பகல் வேலை. கப்பலிலிருந்து ஒரு தெரு நீளம் தள்ளி, ஆளுயரப் பனிமேட்டுக்கு அந்தப்பக்கம் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் துணியை அண்ணி அங்கே ஒரு கம்பில் கட்டி நட்டு, மறுநாள் வகுப்புக்குக் காட்டப் படமும் எடுத்திருந்தார். அப்போது மூடுபனி வந்தது. மெல்லப் படர்ந்து வரும் என்றுதான் அண்ணி நினைத்திருந்தார். ஆனால் அது கதவைச் சாத்துகிற மாதிரி வந்தது. முதலில் கப்பலின் கொடிமரம் போயிற்று. அப்புறம் கப்பல், அப்புறம் பனிமேடு, கடைசியில் அவருடைய சொந்தக் காலணிகள்கூட மங்கலாகிவிட்டன. மேலே கீழே தெரியாத வெள்ளை. கப்பலின் ஊதுகுழல் மூன்று தடவை அலறியது. எல்லாரும் உடனே ஏறிவிட வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பனித்திட்டு ஒருபுறம் விரிசல் விடுகிறது என்று வயர்லெஸ்ஸில் யாரோ சொல்வதும் கேட்டது.

சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு, வழிக்குக் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி இருவரும் படிக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணியின் பல் கிட்டிப் போயிருந்தது. மற்றவர்கள் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள். துளைக்காரர் தன் தோள்பையை அண்ணியிடம் கொடுத்தார்.

"இதைப் பிடிங்க டீச்சர். நீங்க ஏறுங்க, பின்னாடியே வர்றேன்."

அண்ணி ஏறினார். பாதியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அவர் முதல் படியில் ஒரு கால் வைத்து நின்றிருந்தார். மேலே வந்ததும் அண்ணி தன் தகட்டை வெள்ளைக்குத் திருப்பினார். துளைக்காரரின் ஏழாம் எண் தகடு அதற்கு இரண்டு வரிசை மேலே, சிவப்பாகத் தொங்கியது. பாவம், காலையிலிருந்து வேலை செய்து களைத்த மனுஷன். அவர் வரும்வரை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிற மாலுமிக்கும் குளிர். வந்துகொண்டிருக்கிறவர் வந்தவர்தான். அண்ணியின் விரல் அந்தத் தகட்டையும் திருப்பியது. அப்போது யோசிக்கவே இல்லை என்றார் என்னிடம். பேனா பிடித்த விரல் தானாகவே போயிற்று, வகுப்பில் எப்படிப் போகுமோ அப்படி.

சாப்பாட்டுக்கூடத்தில் சூடாக சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பிழைத்து வந்தவர்களின் சத்தம் அது. அண்ணி ஒரு மூலையில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தபின் அவருடைய இடது கைக் கட்டைவிரல் மேஜைக்குக் கீழே விரல் கணுக்களில் நகரத் தொடங்கியது. பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனால் இப்படித்தான் எண்ணுவார். விரலுக்கு மூன்று கணு, கைக்குப் பன்னிரண்டு. பதினெட்டில் நின்றது.

மறுபடி எண்ணினார். பதினெட்டு. துளைக்காரர் இல்லை.

கழிப்பறைக்குப் போயிருப்பார் என்று நினைத்தார். ஈர உடையை மாற்றப் போயிருப்பார். எழுந்து போய் அவருடைய அறைக் கதவைத் தட்டினார். கதவு திறந்துதான் கிடந்தது, படுக்கை காலையில் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. திரும்பி வந்து கழிப்பறை வாசலில் நின்றார். உள்ளிருந்து வந்தவர் வேறொருவர். மறுபடி போய் உட்கார்ந்து மூன்றாம் தடவை எண்ணினார். காலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தால் துளைக்காரரின் தோள்பை. அதற்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அவருடைய வயர்லெஸ் அந்தப் பைக்குள் இருந்தது. அப்படியானால் அவர் வெளியே இருந்தால், கூப்பிடக்கூட வழியில்லை.

அந்த நேரத்தில் தரை லேசாக நடுங்கியது. என்ஜினைப் போட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தை அண்ணி என்னிடம் ஒரே ஒருதரம்தான் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அடுத்த அறையில் அண்ணன் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். முதல் தடவை எண்ணியதற்கும் என்ஜின் சத்தம் கேட்டதற்கும் நடுவில் பதினோரு நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷமும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. தப்பாக இருந்து, மனுஷன் எங்கேயோ சூடான தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தால் கப்பல் முழுக்கச் சிரிக்குமே என்கிற பயம். சரியாக இருந்துவிட்டால் என்கிற பயம் அதைவிடப் பெரிசு. சரியாக இருந்தால், அதைச் செய்தவர் அண்ணிதான்.

பேச வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அப்போதுதான் அவர் கை தூக்கினார். ஏழாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, கூடத்தின் மூலையில் உட்கார்ந்தபடி கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். முதலில் யாரும் பார்க்கவில்லை. குழுத்தலைவி பார்த்துச் சிரித்தார்.

"என்ன டீச்சர், இன்னும் சூப் வேணுமா?"

"ஒருத்தர் குறையுது."

பலகை முழுக்க வெள்ளை, நான்தான் பார்த்தேன், அதற்கப்புறம்தான் படியைத் தூக்கச் சொன்னேன் என்றார் கதவருகே நின்றிருந்த மாலுமி.

"ஏழாம் எண்ணை நான் திருப்பினேன்," என்றார் அண்ணி.

அதற்கப்புறம் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்ததாம். குழுத்தலைவி ஓடினார். என்ஜின் நின்றது. கரடிக்காவலர்கள் நாலு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் பனிக்குள் இறங்கினார்கள். நானும் போகிறேன், துளை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும் என்று அண்ணி குழுத்தலைவியின் கையைப் பிடித்தார். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"நீங்க இங்க நில்லுங்க. இறங்குறவங்களையும் ஏறுறவங்களையும் எண்ணுங்க. வேற எதையும் தொடாதீங்க."

அண்ணி பலகைக்கு முன்னால் நின்றார். நாலு சிவப்பு. குழுத்தலைவி தன் கையால் ஏழாம் எண்ணையும் சிவப்புக்குத் திருப்பியிருந்தார். ஐந்து. நிமிஷத்துக்கு ஒருதரம் ஊதுகுழல் அலறும். அப்புறம் காது கொடுத்துக் கேட்பதற்காகக் கப்பல் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். தூரத்தில் பனி விரியும் சத்தம், பலகையை முறிப்பது மாதிரி. ஒவ்வொரு முறிவுக்கும் அண்ணியின் கட்டைவிரல் அதே ஐந்து கணுக்களில் போய்ப் போய் வந்தது.

அதே நேரத்தில் ஊரில் என் அண்ணன் பணிமனை மேஜையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் எங்கே நிற்கிறது என்பதை ஒரு வரைபடத்தில் புள்ளியாகக் காட்டுவார்கள். அன்றைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அண்ணி முன்பே எழுதியிருந்தார். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, கப்பல் இருபது நிமிஷம் லேட் என்றார். பேருந்தே ஒரு மணி நேரம் தாமதமாகிற ஊரில் இருபது நிமிஷத்துக்கு என்ன என்றேன். மறுபடி கூப்பிட்டார். நாற்பது நிமிஷம். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நேரத்தைச் சொல்லவில்லை. சும்மா தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். நானும் என் அலுவலகத்தில் அந்தப் புள்ளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே, பதினாலாவது ஊதலுக்குப் பின், ஒரு விசில் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். குழந்தைகள் பொம்மையில் ஊதுவது போல. இருக்கிறதா இல்லையா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி கேட்டது.

கயிற்றோடு போனவர்கள் பனிமேட்டுக்குப் பின்னால் அவரைக் கண்டுபிடித்தார்கள். பனி விரிந்ததில் வழிக்கயிறு அறுந்துவிட்டிருந்தது. விரிசலைத் தாண்டும்போது முழங்கால் வரை தண்ணீரில் போயிருந்தார். ஊன்றிய இடது கையும் நனைந்து, உறை கல்லாகிவிட்டது. உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கையை ஒரு துணியால் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, விரிசலின் அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தார். மூடுபனியில் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் கப்பல் எந்தத் திசை என்று அவருக்குத் தெரியவில்லை. அவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றி வந்தபோது அண்ணி எண்ணினார். ஐந்து பேர். அப்புறம்தான் அந்தத் துணியைப் பார்த்தார். அதில் சின்னச் சின்னக் கைகள் பதிந்திருந்தன.

முதல் படியில் கால் வைத்து நின்றபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது, டீச்சரின் பிள்ளைகள் கொடுத்தது கம்பிலேயே நிற்கிறதே என்று. அண்ணி மறந்துவிட்டிருந்தார். கயிறு இருக்கிறது, ஓடிப்போய் ஓடி வந்துவிடலாம் என்று திரும்பியிருக்கிறார். அவருடைய தகடு சிவப்பாக இருக்கிறவரை படியைத் தூக்க மாட்டார்கள் என்பது அவருக்கு உறுதி.

மருத்துவ அறைக்கு அண்ணி போனபோது அவருடைய இடது கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருந்தார்கள். இரண்டு விரல் நுனிகள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றிருந்தார் மருத்துவர். துணி நனைந்திருக்கிறது, ஆனால் சாயம் போகவில்லை, பாருங்கள் என்றார் துளைக்காரர்.

"என்ஜின் சத்தம் கேட்டுச்சு. அப்பதான் பயந்தேன்," என்றார். "நான் கப்பல்ல இருக்கேன்னு நீங்க போட்டுட்டீங்க டீச்சர். அப்புறம் நான் அங்க நின்னு எவ்வளவு கத்தினா என்ன? இங்கதான் நான் இருக்கேனே."

அண்ணி அழுதார். கோபமா என்று கேட்டார். அதை இன்றைக்குக் கேட்காதீர்கள் என்றார் அவர். வேறொரு நாளும் அண்ணி கேட்கவில்லை.

மீதியிருந்த ஒன்பது நாளும் அண்ணிக்குப் பனியில் இறங்க அனுமதியில்லை. அறிக்கையில் அவர் தப்பு அவர் பெயரில் எழுதப்பட்டது. மறுநாள் புதன்கிழமை. வகுப்போடு பேச வேண்டிய நாள். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பது உங்கள் விஷயம், நான் தலையிட மாட்டேன் என்றார் குழுத்தலைவி. அந்த வகுப்பறையில் தலைமையாசிரியையும் நிற்பார் என்று அண்ணிக்குத் தெரியும். பனி, கரடியின் காலடி, சூரியன் மறையாத வானம் என்று ஊக்கமாகப் பேசுவதற்கு ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தார்.

இணைப்பு கிடைத்ததும் முப்பத்தெட்டு பேரும் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். அண்ணி தாளைப் பார்த்து இரண்டு வரி படித்தார். கரகரப்புக்கு நடுவில் ஒரு குரல் வந்தது. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

"டீச்சர், எங்க துணி எங்க? நட்டீங்களா?"

நட்டோம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. படம்கூட இருக்கிறது. அண்ணி தாளை மடித்தார். நடந்ததைச் சொன்னார். தகடு, பை, பதினோரு நிமிஷம், எல்லாவற்றையும் சொன்னார். வகுப்பிலும் தான் அப்படித்தான் செய்துவந்ததாகவும், அது தப்பு என்றும் சொன்னார்.

"எண்ணிப் பார்த்து குறைஞ்சப்ப பயமா இருந்துச்சா டீச்சர்?" என்றாள் சந்தேகம்.

"இருந்துச்சு."

"கை தூக்கினப்ப?"

"அதைவிட ஜாஸ்தி."

"இப்ப?"

அண்ணி பதில் சொல்வதற்குள் தலைமையாசிரியை நேரம் முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் பாராட்டு விழா ஒன்று இருந்தது. ஒத்திவைத்தார்கள், இன்னும் ஒத்திவைத்தபடியே இருக்கிறது. ஊக்கமாகப் பேசச் சொன்னேனே என்று தலைமையாசிரியை வருத்தப்பட்டார். பிள்ளை தூக்கத்தில் எண்ணுகிறது என்று இரண்டு தாய்மார்கள் வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். துளைக்காரரின் ஒரு விரலுக்கு உணர்ச்சி திரும்பியது, இன்னொன்றுக்கு இல்லை என்று குழுத்தலைவி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அண்ணி வருகைப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறார். பூட்டை இழுத்துப் பார்ப்பது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஆட்களை எண்ணுகிறார். பேருந்தில், மருத்துவமனை வரிசையில், நாங்கள் நாலே பேர் சாப்பிட உட்கார்ந்தாலும் எண்ணுகிறார். அண்ணன் அதைக் கேலி செய்வதில்லை.

திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை. மணி அடித்தது. அண்ணி பதிவேட்டைத் திறந்தார். முப்பத்தேழு பேர் இருந்தார்கள். ஒரு பெண் மட்டும் வரவில்லை. தாழ்வாரத்தின் கோடியில் ஓட்டச் சத்தம். கதவுப்பக்கம் உட்கார்ந்திருந்த சந்தேகம் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, அவள்தான், படியேறிவிட்டாள், நான் கண்ணால் பார்த்தேன் என்றாள். வகுப்பு முழுக்க அண்ணியின் பேனாவைப் பார்த்தது.

"வரட்டும்," என்றார் அண்ணி.

ஓட்டச் சத்தம் பாதி தாழ்வாரம் வந்தது. அப்புறம் நின்றது.

அண்ணி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். சத்தம் வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. கதவைத் தாண்டித் தாழ்வாரத்துக்கு விரைந்தார். பாதி வழியில் அந்தப் பெண் குனிந்து, அவிழ்ந்த காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் எதிரே வந்து நிற்பதைக் கண்டதும் மிரண்டு நிமிர்ந்தாள். லேட்டாயிடுச்சு டீச்சர், குறி போட்டுட்டீங்களா என்று கேட்டாள்.

இல்லை என்றார் அண்ணி. கயிற்றைக் கட்டி முடி என்றார். அவள் கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்புறம் அவளை முன்னால் விட்டு, அவள் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னால் நடந்து வகுப்புக்கு வந்தார். அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, பையைக் கழற்றிக் கீழே வைத்த பிறகுதான் பேனாவைத் திறந்து அவள் பெயருக்கு நேரே தாமதக் குறியைப் போட்டார்.